வீடு கட்ட அனுமதி: மனையை அளப்பதிலிருந்து நிறைவுச் சான்று வரை

கட்டட அனுமதி கேட்டுப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தால், வீட்டு வரைபடத்தில்தான் ஏதோ தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு மனையில் இருக்கும். பத்திரத்தில் ஓர் அளவு, அரசு நில ஆவணத்தில் வேறோர் அளவு, தரையில் நாடா பிடித்தால் இன்னோர் அளவு. எதை வைத்து வரைந்தாலும் மற்ற இரண்டும் இடிக்கும். பத்திரம், நில ஆவணம், தரை, வரைபடம் நான்கும் ஒரே அளவைச் சொல்லும்படி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கட்டும்போது அந்த வரைபடத்தை விட்டு நகராமல் இருப்பது மீதிப் பாதி.

விதிகளில் உள்ள எண்கள் நாட்டுக்கு நாடு, சில சமயம் ஊருக்கு ஊர் மாறும். இங்கே தரப்படும் எண்கள் விதி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக. உங்கள் கணக்கை உங்கள் உள்ளாட்சியின் நடப்பு விதிகளை வைத்துத்தான் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருடத்துக்கு முன் கட்டியதைப் பார்த்துப் போடக் கூடாது. அவர் கட்டிய காலத்து விதி வேறாக இருந்திருக்கலாம், அவர் அனுமதி வாங்காமலேயும் கட்டியிருக்கலாம்.

அனுமதி ஒன்றா, இரண்டா?

பல நாடுகளில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. இந்த இடத்தில், இந்த உயரத்தில், எல்லையிலிருந்து இவ்வளவு தள்ளி ஒரு வீடு வரலாமா என்பது முதல் கேள்வி. அதற்கான பதில் திட்ட அனுமதி. அந்த வீடு இடிந்து விழாமல், தீப்பிடித்தால் தப்பிக்க வழியோடு, கழிவுநீர் ஒழுங்காக வெளியேறும்படி கட்டப்படுகிறதா என்பது இரண்டாவது. அதைப் பார்ப்பது கட்டட அனுமதி. சில இடங்களில் ஒரே விண்ணப்பத்தில் இரண்டும் முடியும். சில இடங்களில் இரண்டு அலுவலகம், இரண்டு கட்டணம், இரண்டு கால வரம்பு.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தனி வீட்டின் பின்புறம் 4 மீட்டர் வரையும், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடுகளில் 3 மீட்டர் வரையும் ஒற்றைத் தளமாக நீட்டிக் கட்ட, உயரம் போன்ற மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை. ஆனால் அதே நீட்டிப்புக்குக் கட்டட விதிமுறைகளின்படி ஒப்புதல் வேண்டும். ஒன்றிலிருந்து விலக்கு கிடைத்ததை இரண்டிலிருந்தும் கிடைத்ததாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குபவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

அலுவலகத்தில் கேட்கும்போது "அனுமதி வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "இந்த வேலைக்கு எந்தெந்த ஒப்புதல்கள், எந்த வரிசையில்?" என்று கேளுங்கள். மரம் வெட்டுவது, நீர்நிலைக்கு அருகில் கட்டுவது, விமானத் தளத்தின் உயரக் கட்டுப்பாடு, பழமையான தெருக்களுக்கான தனி விதி ஆகியவற்றுக்கு வேறு துறைகளின் தடையின்மைச் சான்று தேவைப்படலாம். அது வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

எந்த வேலைக்கு அனுமதி வேண்டாம்?

பெயின்ட் அடிப்பது, டைல்ஸ் மாற்றுவது, அலமாரி போடுவது போன்றவற்றுக்கு ஏறக்குறைய எங்குமே வேண்டாம். புது வீடு, மாடி எடுப்பது, அறை சேர்ப்பது, தாங்குசுவரை உடைப்பது ஆகியவற்றுக்கு ஏறக்குறைய எங்கும் வேண்டும். குழப்பம் வருவது நடுவில் உள்ள வேலைகளில்: மதில், கொட்டகை, கார் நிறுத்தும் கூரை, மொட்டை மாடியில் தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி.

அமெரிக்காவின் பல மாநிலங்கள் அடிப்படையாகக் கொள்ளும் பன்னாட்டுக் குடியிருப்பு விதித்தொகுப்பின் 2021 பதிப்பு, வீட்டோடு ஒட்டாத ஒற்றைத் தளக் கொட்டகைக்கு 200 சதுர அடி வரை விலக்குத் தருகிறது. வேலிக்கு 7 அடி உயரம் வரை. மண் தாங்கும் சுவருக்கு 4 அடி வரை. இந்த 4 அடியைத் தரைமட்டத்திலிருந்து அளக்கக் கூடாது, அஸ்திவாரத்தின் அடியிலிருந்து அளக்க வேண்டும். வெளியே 3 அடி மட்டும் தெரியும் சுவர் மண்ணுக்குள் ஒன்றரை அடி இறங்கியிருந்தால் அது வரம்பைத் தாண்டிவிட்டது. எந்த வரம்பைப் படித்தாலும் "எங்கிருந்து அளப்பது?" என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

அனுமதி வேண்டாம் என்றால் விதியும் வேண்டாம் என்று ஆகாது. அந்தத் தொகுப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது: விலக்குப் பெற்ற வேலையும் விதிக்கு மாறாக இருக்கக் கூடாது. கொட்டகைக்கு அனுமதி வேண்டாம், ஆனால் எல்லையிலிருந்து விட வேண்டிய தூரத்தை விட்டே ஆக வேண்டும்.

மனையை அளந்து, காகிதத்தோடு ஒப்பிடுங்கள்

வரைபடம் போடுபவரைத் தேடுமுன் செய்ய வேண்டியது இது. பத்திரத்தில் உள்ள நான்கு எல்லை, நான்கு பக்க அளவு, மொத்தப் பரப்பு ஆகியவற்றைத் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். அரசு நில ஆவணத்தில் உள்ள பரப்பையும் உரிமையாளர் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். இறந்துபோன பெற்றோர் பெயரில் ஆவணம் இருந்தால், வாரிசுகளிடையே பெயர் மாற்றம் முடியாமல் விண்ணப்பம் நகராது.

பிறகு தரையில் அளவு. நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். 9 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம் உள்ள மனை உண்மையிலேயே செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 17.49 மீட்டர் வரும். ஒன்று 17.20, மற்றது 17.77 என்று வந்தால் பக்க அளவுகள் சரியாக இருந்தும் மனை சாய்ந்திருக்கிறது. செவ்வகம் என்று நினைத்து வரைந்த வீடு ஒரு மூலையில் பக்க இடைவெளியைத் தின்றுவிடும். கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

மூலைக்கல் இல்லையென்றாலோ, பக்கத்து மதில் உங்கள் பக்கம் நகர்ந்திருப்பதாகத் தோன்றினாலோ, உரிமம் பெற்ற நில அளவையரை வைத்து அளந்து கல் நட்டுவிடுங்கள். மதிலை எல்லையாக எடுத்துக்கொள்வது மிகப் பழைய தப்பு. வீடு பாதி எழும்பிய பிறகு எல்லைத் தகராறு கிளம்பினால் வேலை நிற்கும். அனுமதி கையில் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் அனுமதி நிலத்துக்கு உரிமையை உறுதிசெய்யும் ஆவணமே கிடையாது.

இதோடு மூன்று விஷயங்களை விசாரியுங்கள். நிலம் குடியிருப்புப் பகுதியாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா? மனைப் பிரிவு ஒப்புதல் பெற்றதா? முன்னால் உள்ள சாலையின் அகலம் ஆவணப்படி எவ்வளவு, எதிர்காலத்தில் அகலப்படுத்தும் திட்டம் உண்டா? பல ஊர்களில் கட்டடத்தின் உயரத்தையும் மொத்தப் பரப்பையும் சாலை அகலமே தீர்மானிக்கிறது.

எவ்வளவு கட்டலாம்: கணக்கு

நான்கு வரம்புகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன: எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, தரையில் கட்டடம் மூடும் சதவீதம், எல்லாத் தளங்களையும் சேர்த்த பரப்புக்கும் மனைப் பரப்புக்கும் உள்ள விகிதமான எஃப்.எஸ்.ஐ., உயரம். நான்கில் எது முதலில் கையைக் கட்டுகிறதோ அதுதான் உங்கள் வரம்பு.

அதே 9 × 15 மனை. பரப்பு 135 சதுர மீட்டர். விதி இப்படி என்று வைத்துக்கொள்வோம்: முன்புறம் 2 மீட்டர், பின்புறம் 1.5, இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர்; தரை மூடல் 60 சதவீதம்; எஃப்.எஸ்.ஐ. 1.5.

இடைவெளிகளைக் கழித்தால் கட்ட மிஞ்சும் இடம் 7 × 11.5, அதாவது 80.5 சதுர மீட்டர். தரை மூடல் கணக்கில் 81 சதுர மீட்டர். இரண்டில் சிறியது 80.5; இது ஒரு தளத்தின் உச்சம். எஃப்.எஸ்.ஐ. கணக்கில் மொத்தம் 202.5 சதுர மீட்டர். இரண்டு தளம் முழுதாகக் கட்டினால் 161 போய்விடும், மூன்றாவது தளத்துக்கு மிஞ்சுவது 41.5 மட்டுமே. மூன்று தளமும் ஒரே மாதிரி என்று கனவு கண்டவர் இங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது மனையின் உண்மை அகலம் 9 அல்ல, 8.7 என்று தெரியவருகிறது. கட்டும் இடம் 6.7 × 11.5 ஆகி, ஒரு தளத்துக்கு 77.05 சதுர மீட்டராகச் சுருங்குகிறது. முன்னால் சாலை விரிவாக்கத்துக்காக 1 மீட்டர் விட வேண்டியிருந்தால் நீளத்திலும் குறையும். சில ஊர்களில் எஃப்.எஸ்.ஐ.க்கான மனைப் பரப்பிலும் அது கழியும். 30 சென்டிமீட்டர்தானே என்று விட்ட அளவு ஒரு கழிப்பறையை விழுங்கிவிடும்.

கணக்கில் அடிக்கடி தவறும் இடங்கள் சில உண்டு. மூலை மனைக்கு இரண்டு சாலை. இரண்டு பக்கத்தையும் முன்புறமாகக் கருதி இடைவெளி கேட்கும் விதிகள் பல. இடைவெளியைத் தூணிலிருந்து அளக்க மாட்டார்கள், பூச்சு முடிந்த வெளிச்சுவரிலிருந்து அளப்பார்கள். சரியாக 1 மீட்டர் விட்டு மார்க்கிங் போட்டால், 2 சென்டிமீட்டர் பூச்சு ஏறியதும் 98 ஆகிவிடும். வரைபடத்திலேயே 5 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டுவிடுங்கள். சன்ஷேடு எவ்வளவு நீட்டலாம் என்பதற்குத் தனி வரம்பு உண்டு. 60 முதல் 75 சென்டிமீட்டர் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. பால்கனியையும் வெளிப்படிக்கட்டையும் சன்ஷேடோடு சேர்த்து நினைக்க வேண்டாம், அவை பெரும்பாலும் கட்டடத்தின் பகுதியாகவே எண்ணப்படும். படிக்கட்டு, மொட்டை மாடி அறை, கார் நிறுத்துமிடம் ஆகியவை எஃப்.எஸ்.ஐ.யில் சேருமா என்பது ஊருக்கு ஊர் வேறு.

மின்கம்பி பக்கத்தில் போகிறதா என்று மேலே நிமிர்ந்து பாருங்கள். இந்திய மின் பாதுகாப்பு விதிகளின்படி 11 கிலோவோல்ட் வரையிலான கம்பிக்கும் கட்டடத்துக்கும் கிடைமட்டமாகக் குறைந்தது 1.2 மீட்டர் வேண்டும். 33 கிலோவோல்ட் வரை 2 மீட்டர். தரைத்தளம் கட்டும்போது யாரும் கவனிப்பதில்லை. முதல் மாடி பால்கனிக்குக் கம்பி கட்டும்போதுதான் விபரீதம் தெரியும்.

வரைபடத்தில் என்ன இருக்க வேண்டும்

இதை உரிமம் பெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ தயாரித்துக் கையெழுத்திட வேண்டும். ஆனாலும் நீங்கள் படித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் விதிமீறலுக்கு நோட்டீஸ் வருவது உரிமையாளர் பெயருக்கு. மனை இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு வரைபடம், மனையில் வீடு எங்கே அமைகிறது என்ற மனை வரைபடம், ஒவ்வொரு தளத்தின் அமைப்பு, கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்த்த தோற்றம், முகப்பு, கழிவுநீர் மற்றும் மழைநீர்ப் பாதை, பரப்பு அட்டவணை இவை அடிப்படை. தள வரைபடம் வழக்கமாக 1:100 அளவில் இருக்கும்: தாளில் 1 சென்டிமீட்டர், தரையில் 1 மீட்டர். மாடி உள்ள வீட்டுக்கும், மண் பலவீனமான இடத்துக்கும் கட்டமைப்புக் கணக்கும் மண் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள்.

வடக்குத் திசை அம்பு, எல்லைக்கும் சுவருக்கும் இடையே எழுதப்பட்ட தூரம், தரைமட்டத்திலிருந்து உயரங்கள் இம்மூன்றும் விடுபட்டிருக்கின்றனவா என்று கையெழுத்திடுமுன் பாருங்கள். பரப்பு அட்டவணையை நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்; பழைய வரைபடத்தை நகலெடுத்துத் திருத்தும்போது அட்டவணை மட்டும் பழையதாகவே தங்கிவிடுவது சகஜம்.

அறை அளவுகளுக்கும் குறைந்தபட்சம் உண்டு. இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வசிக்கும் அறைக்கு 9.5 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் அகலமும் 2.75 மீட்டர் உயரமும் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. இரண்டு அறை இருந்தால் ஒன்று 7.5 சதுர மீட்டராக இருக்கலாம். படிக்கட்டு எங்கும் தலைவலி தரும் பகுதி. அதே தொகுப்பில் படியின் மிதிபலகை குறைந்தது 25 சென்டிமீட்டர், உயரம் அதிகபட்சம் 19. ஒரு தள உயரம் 3 மீட்டர் என்றால் 19-ஆல் வகுத்து 16 படி வேண்டும், ஒவ்வொன்றும் 18.75 சென்டிமீட்டர். நேராகப் போட்டால் 15 மிதிபலகைக்கு 3.75 மீட்டர் நீளம் போய்விடும். இடம் போதாமல் 22 சென்டிமீட்டர் உயரப் படி வைத்து வரைந்துவிட்டு, அனுமதிக்கு மட்டும் 19 என்று எழுதுகிறார்கள். இறுதி ஆய்வில் அதை மறைக்க முடியாது. ஒரே வரிசையில் படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறவும் கூடாது. அமெரிக்கத் தொகுப்பு அதிகபட்சம் 3/8 அங்குல வித்தியாசத்தைத்தான் ஏற்கிறது, கால் தடுக்கி விழுவது பெரும்பாலும் மாறிய அந்த ஒரு படியில்தான்.

அந்த அமெரிக்கத் தொகுப்பு, படுக்கையறை ஜன்னலைக் காற்றுக்கான திறப்பாக மட்டும் பார்ப்பதில்லை. தீயிலிருந்து தப்பும் வழியாகவும் பார்க்கிறது. திறந்தபின் கிடைக்கும் வெளி குறைந்தது 5.7 சதுர அடி இருக்க வேண்டும், அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. திருட்டுக்குப் பயந்து ஜன்னல் முழுக்க நிலையான கம்பி போடும்போது, உள்ளிருந்து திறக்கக்கூடிய ஒன்றையாவது விட்டுவைப்பது எந்த ஊர் விதியானாலும் புத்திசாலித்தனம்.

செப்டிக் டேங்க் வைத்தால் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணறு அல்லது போர்வெல்லுக்கும் உள்ள தூரத்தை வரைபடத்தில் எழுதிக் காட்டுங்கள். விதிகள் 15 முதல் 30 மீட்டர் வரை கேட்கும். பக்கத்து மனையின் கிணறும் இதில் சேரும் என்பது சிறு மனைகளில் பெரிய சிக்கல்.

விண்ணப்பமும் ஆட்சேபணையும்

ஆன்லைன் என்றால் கோப்பு வடிவம், அளவு, பக்க வரிசை ஆகியவற்றைச் சரிபார்த்து ஏற்றுங்கள். பத்திரத்தின் எல்லாப் பக்கமும், பின்பக்க முத்திரை உட்பட, தெளிவாக இருக்கட்டும். ஆட்சேபணைக் கடிதம் வந்தால் பதற வேண்டாம். அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக, அதே எண்ணிட்டுப் பதில் எழுதி, திருத்திய இடத்தை வரைபடத்தில் வட்டமிட்டுக் காட்டுங்கள். ஒன்றைத் திருத்தும்போது தொடர்புடைய மற்றவை மாறும்: இடைவெளி மாறினால் பரப்பு அட்டவணை, அது மாறினால் கட்டணக் கணக்கு. இரண்டாவது முறை திரும்புவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

"விண்ணப்பம் போட்டாச்சு, வேலையைத் தொடங்கலாம்" என்று கான்ட்ராக்டர் சொல்வார். ஆள் சும்மா இருந்தால் அவருக்கு நஷ்டம், நோட்டீஸ் வந்தால் நஷ்டம் உங்களுக்கு. அனுமதி எண் கையில் வரும்வரை பள்ளம்கூடத் தோண்ட வேண்டாம்.

கட்டும்போது

அனுமதி வந்த நாளே காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் திட்ட அனுமதி வழக்கமாக 3 ஆண்டுக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதியாகும். முன்னே சொன்ன அமெரிக்கத் தொகுப்பில் 180 நாள். அனுமதித் தாளோடு வரும் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள், மழைநீர்ச் சேமிப்பு, மரம் நடுதல் போன்றவை அங்கேதான் ஒளிந்திருக்கும். முத்திரையிட்ட வரைபடத்தின் ஒரு நகல் எப்போதும் வேலை நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

மேஸ்திரி நூல் கட்டி மார்க்கிங் போடும் அன்று நீங்களோ உங்கள் பொறியாளரோ நிற்க வேண்டிய நாள். மூலை மட்டம் பார்க்க ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் குறித்தால் குறுக்கே 5 மீட்டர் வர வேண்டும். எல்லைக் கல்லிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் தூரத்தை அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, நாடா தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். இந்த நிலையில் 10 சென்டிமீட்டர் தவறைத் திருத்த ஒரு மணி நேரம் போதும்.

ஆய்வுகள் பெரும்பாலும் மூடப்படப்போகும் வேலைகளுக்கு முன்னால் வரும்: அஸ்திவாரக் கம்பி கட்டியபின் காங்கிரீட்டுக்கு முன், தளக் கம்பி கட்டியபின் காங்கிரீட்டுக்கு முன், சுவருக்குள் குழாயும் மின்குழலும் பதித்தபின் பூச்சுக்கு முன், கடைசியில் எல்லாம் முடிந்த பிறகு. ஆய்வாளரை எத்தனை மணி நேரம் முன்பாக அழைக்க வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காங்கிரீட் லாரி வாசலில் நிற்கும்போது அழைத்தால் யாரும் வர மாட்டார்கள். ஆய்வுக்கு முன்பே மூடிவிட்டால் உடைத்துக் காட்டச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அஸ்திவாரத்தில் பார்ப்பது கம்பியின் தடிமனும் எண்ணிக்கையும் மட்டுமல்ல, கம்பியை மண்ணில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் அடியில் இருக்கிறதா என்பதும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 அஸ்திவாரத்துக்குக் குறைந்தது 50 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட்டின் தடிமன், கேட்கிறது. கம்பி நேராக மண்ணில் படுத்திருந்தால் ஈரம் ஏறித் துருப்பிடித்து உள்ளிருந்தே காங்கிரீட்டைப் பிளக்கும்.

கட்டும் நடுவில் மனசு மாறும். கதவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றுவது போன்ற சிறு மாற்றத்தைப் பல அலுவலகங்கள் இறுதி வரைபடத்தில் காட்டினால் ஏற்கும். வெளிச்சுவர் நகர்வது, பரப்பு கூடுவது, படிக்கட்டு இடம் மாறுவது, தூண் எடுப்பது, உயரம் ஏறுவது என்றால் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கிய பிறகே கை வைக்க வேண்டும். பிறகு அபராதம் கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை எஃப்.எஸ்.ஐ.யையும் பக்க இடைவெளியையும் மீறியவர்களுக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. அங்கே இடிக்கச் சொல்லும் உத்தரவும் வரலாம்.

நிறைவுச் சான்று

கடைசி ஆய்வு முடிந்து நிறைவுச் சான்று கைக்கு வந்தால்தான் அனுமதிக் கோப்பு மூடப்படும். பல ஊர்களில் நிரந்தர மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, வங்கிக் கடனின் கடைசித் தவணை, பின்னாளில் விற்பனை எல்லாம் இதில் தொங்குகின்றன. குடிபோன பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் போட்ட தகரக் கூரையும் மூடிய பால்கனியும் ஆய்வில் மாட்டும்.

கட்டிய வீட்டை வாங்குபவர் இதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். விற்பவரிடம் அனுமதி வரைபடத்தையும் நிறைவுச் சான்றையும் கேளுங்கள். நாடாவோடு வீட்டைச் சுற்றி வந்து, பக்க இடைவெளி, தளங்களின் எண்ணிக்கை, மாடியில் உள்ள அறைகள் ஆகியவற்றை அதோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் இல்லாத அறை ஒன்று இருந்தால், அதை முறைப்படுத்த முடியுமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பதில் வாங்குங்கள். கைமாறிய பிறகு அந்த அறைக்கான நோட்டீஸ் புது உரிமையாளர் பெயருக்குத்தான் வரும்.